இலைக்கு அடியில ஒரு மைக்

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க, எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒரே ஒரு ஒவகாரம் மட்டும் பண்ணுங்க. அந்தக் கடலைக்காய என்ற காதுகிட்ட வெச்சு ஒடைக்காதீங்க. கோவிச்சுக்காதீங்க, உங்களச் சொல்லல. என்ற காது அப்படி ஆகிப்போச்சு. வேணும்னா அந்தப் பொட்டணத்த இங்க குடுங்க, நானே ஒடச்சுத் தர்றேன். நான் ஒடச்சாச் சத்தமே வராதுங்க.

சத்தமாப் பேசறேனா? எல்லாரும் அதத்தாஞ் சொல்றாங்க. தறிக் குடோன்லயே பொழச்ச பொழப்புங்க. சென்னிமலைல ஊட்டுக்குப் பின்னாடியே நாலு தறி. நாலும் ஒண்ணா ஓடுறப்பப் பொண்டாட்டி பக்கத்துல நின்னு கூப்புட்டாலும் வாய் அசையறதப் பாத்துத்தாந் தெரிஞ்சுக்கோணும். சோறும் அங்கயேதான். போன வருசம் தறிய இரும்பு வெலைக்குப் போட்டாச்சு. போனாத் தொலையுது, அதுக்கு நான் அழுவல. ஆனா அதுக்கப்பறந்தான் ஊட்டுக்குள்ள என்னென்ன சத்தம் இருக்குதுன்னே எனக்குத் தெரிய வந்துச்சு. ஃபேன் ஒரு சுத்துக்கு ஒருக்கா டிக்குங்குது. பாத்ரூம் கொழாய் சொட்டுது. செவுத்துக் கடியாரம் நொண்டிக்கிட்டே ஓடுது. இதெல்லாமாவது போகுது. மனுசன் சோறு திங்கற சத்தம் இருக்குது பாருங்க, கருமம், அதத்தான் தாங்க முடியல.

அங்க பாருங்க, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு. நீலச் சட்டை. முட்ட பப்ஸ் திங்கறானா? உங்களுக்கு ஒண்ணும் கேக்காது. எனக்கு அந்த முட்ட அவன் அண்ணத்துல ஒட்டறது வரைக்கும் கேக்குது. வாய மூடி மெல்லத் தெரியுதா பாருங்க. அவனவன் முதுகு அவனவனுக்குத் தெரியாதுங்கறது செரியாத்தான் இருக்குது. இந்தாங்க, கடலைய வாங்கிக்குங்க. வேண்டாமா? அப்ப நான் ரண்டு போட்டுக்கறேன். வெச்சிருந்தா நமத்துப் போயிரும்.

எல்லாத்துக்கும் காரணம் என்ற மச்சினன் பூபதிங்க. என்ற சம்சாரம் சாந்தாமணிக்கு ஒரே தம்பி. காங்கயத்துல செல்போன் கடை வெச்சிருக்கறான். கடைல யாவாரம் இல்ல, அதுனால வீடியோ போட ஆரம்பிச்சான். என்ன வீடியோங்கறீங்க? திங்கற வீடியோ. ஞாயித்துக்கெழமை ஆனா எங்கூட்டுக்கு வந்துருவான். தறி போட்டிருந்த எடம் சும்மாத்தான கெடக்குது. அங்க ஒரு பாய விரிச்சு, தலவாழை எலையப் போட்டு, அக்கா ஆக்கி வெச்ச நாட்டுக்கோழியவும் கொடலக் கறியவும் மலையாட்டக் குமிச்சுக்கிட்டு, செல்போனுக்கு முன்னாடி உக்காந்து திம்பான். அத ஊரெல்லாம் உக்காந்து பாக்கும். அவன் திங்கறதுல ஒனக்கென்னடா சந்தோசம்னு நான் ஒருத்தனயும் கேட்டதில்ல. கேட்டிருக்கோணும்.

ஆரம்பத்துல ஒரு பயலும் பாக்கல. ஏன்னா சத்தம் நல்லால்ல. கெணத்துக்குள்ள இருந்து பேசறாப்ல இருக்குதுன்னு கீழ எழுதறானுங்க. பூபதி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். நாந்தாங்க வாய வெச்சேன். "ஏண்டா, வெறுஞ்செவுரு, சிமெண்டுத் தர, மேல தகரம். சத்தம் போயி முட்டித் திரும்பி வராம என்ன பண்ணும்? நான் பாத்துக்கறேன் போ"ன்னுட்டேன். வேலில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள உட்டுக்கிட்டேன்.

எறங்கிட்டா நான் அர கொறையாப் பண்ற ஆளில்லீங்க. பவானி போயி ஜமக்காளம் வாங்கியாந்து நாலு செவுத்துக்கும் மாட்டுனேன். தகரத்துக்குக் கீழ பழைய மெத்தையப் புடிச்சுக் கட்டுனேன். சட்டைல குத்தற சின்ன மைக்கு ஒண்ணு, கம்பியில்லாதது, வரவெச்சேன். காதுக்கு மாட்டறது ஒண்ணு, நல்ல கனமானது. மைக்குல மூச்சுக் காத்து அடிக்காம இருக்கப் பழைய வேட்டித் துணிய ரண்டு மடிப்பாச் சுத்துனேன். சட்டைல குத்துனா எலும்பக் கடிக்கற சத்தம் தூரமாக் கேக்குது. அப்பறந்தான் எனக்கு ஓசன வந்துச்சு. மைக்க எலைக்கு அடியில, ஓரமா, நடு நரம்புக்குப் பக்கத்துல சொருகி வெச்சேன். அட, அடிச்சுது பாருங்க. சோத்தப் பெசையறது, சாறு ஊத்தறது, விரல நக்கறது, ஒண்ணு உடல. இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல, என்ற மூளைங்க.

அன்னிக்கு மொதமொதலாக் காதுல மாட்டிக்கிட்டுப் பதிவு பண்றேன். பூபதி கோழிக் காலக் கடிச்சான். என்னன்னு சொல்றதுங்க. அவன் எனக்கு எட்டடி தள்ளி உக்காந்திருக்கறான், ஆனா என்ற காதுக்குள்ள வந்து மெல்றான். எச்சி ஊறறது கேக்குது. நாக்கு புரள்றது கேக்குது. எலும்புக்குள்ள இருக்கறத உறிஞ்சுறான், அது என்ற மண்டைக்குள்ள இருந்து உறிஞ்சறாப்ல இருக்குது. முழுங்குனான் பாருங்க, "களக்"குன்னு. நான் வெளிய ஓடிப் போயி வேப்பமரத்தடில ஓங்கரிச்சேன். ஒண்ணும் வரல. வந்திருந்தாத் தேவலாம்.

அந்த வீடியோவத்தாங்க எல்லாரும் பாத்தாங்க. "சவுண்டு வேற லெவல்"னு எழுதறானுங்க. "காதுலயே எச்சி ஊறுது"ன்னு ஒருத்தன் எழுதியிருந்தான், பொம்பளப் பேரு வேற. பூபதி என்ற கால்ல உழுகாத கொற. "மாமா, நீங்க இல்லாட்டி நானில்ல மாமா"ன்னான். எனக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லீங்கல. ஆனா அருவருப்பு ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம்னு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சத்தம் சுத்தமா வரோணும்னா மத்த சத்தம் இருக்கப்படாதில்லீங்களா? ஃபிரிட்ஜு ஒறுமும், அத நிறுத்துனேன். பால் திரிஞ்சு போச்சுன்னு சாந்தாமணி மொணமொணத்தா. பக்கத்தூட்டுக் கோழிய வெரட்டுனேன், அவங்க பேச்சு வார்த்தைய நிறுத்திக்கிட்டாங்க. அப்பறம் இவ பரிமாற வர்றப்ப வளையல் கிலுகிலுங்குது. கண்ணாடி வளையலுங்க, ரண்டு கையிலயும் நெறைய. எலைக்கு அடியில மைக்கு இருக்குது, அது மேல கைய நீட்டிக் கிலுகிலுன்னா எப்படிங்க? கழட்டி வெச்சுட்டு வான்னேன்.

"ஏனுங்க, நீங்க நல்லா இருக்கறப்ப என்னைய வளையலக் கழட்டச் சொல்றீங்களா?"ன்னா.

"அட, ஒரு மணி நேரத்துக்குத்தான, அப்பறம் மாட்டிக்கோ. சாஸ்திரம் பாத்தாச் சவுண்டு வராது"ன்னேன். நான் சொன்னதுல என்னங்க தப்பு? அவ கழட்டி அலமாரில வெச்சா. அதுக்கப்பறம் மாட்டவே இல்ல. பொம்பளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு வீம்பு.

த்ச்சு. ஒரு நிமிசம் இருங்க. கடவாப் பல்லு சொத்தை. கடலை போயி சந்துல மாட்டிக்கும். த்ச்சு. ஆங், வந்துருச்சு. முன்சீட்டுக்காரரு எதுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்கறாரு? அந்தப் பப்ஸ்காரனத்தான் பாக்கறாரா இருக்கும். பாவம், அவருக்கும் என்னையாட்டக் காதுதான்.

எங்க உட்டேன்? ஆங். அப்பறம் அந்தச் சீக்கு எனக்கு முத்திப் போச்சுங்க. காதுல ஒண்ணும் மாட்டாமயே கேக்க ஆரம்பிச்சுது. கலியாணத்துக்குப் போனா பந்தில உக்கார முடியல. ஒரு வரிசையே மெல்லுது, உறிஞ்சுது, எலைய வழிக்குது. பாயசத்த உறிஞ்சறப்ப நான் எந்திரிச்சு ஓடியாந்துட்டேன். கடைசில என்ற ஊட்டுலயே உக்கார முடியல. சாந்தாமணி முருங்கக்கா திங்கறா. கடிச்சு, பல்லுல வெச்சு இழுத்து, சக்கைய மென்னு, தட்டோரத்துல துப்புவா. கலியாணமான நாள்லருந்து அவ அப்படித்தான் தின்னிருப்பா போல, எனக்குத் தறிச் சத்தத்துல கேக்காமப் போச்சு. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லித் திருத்தியிருப்பேன்.

நாலஞ்சு தரம் பொறுத்துப் பாத்தேன். ஒருக்காச் சொன்னேன், "மாடு அசை போடறாப்ல இருக்குது, மெல்ல மெல்லு"ன்னு. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு மெல்லத்தான் மென்னா. மெல்ல மென்னா இன்னும் கருமமா இருக்குதுங்க, நேரம் ஆகுதில்ல? செரி, தானாக் கேட்டாத்தான் புரியும்னு ஒரு நாள் அவளுக்குத் தெரியாம மைக்கத் தட்டுக்கு அடியில வெச்சுப் பதிவு பண்ணிட்டேன். சாப்புட்டு முடிச்சதும் அவ காதுல மாட்டி உட்டேன். கேளுன்னேன்.

அவ கேட்டா. முழுசும் கேட்டா. நான் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன், சிரிப்பாளா, வெக்கப்படுவாளான்னு. ரண்டும் இல்ல. கழட்டி மேசை மேல வெச்சா, என்னைய ஒரு பார்வை பாத்தா. "இவ்வளவு கேவலமாவா இருக்கறனுங்க நானு?"ன்னு கேட்டா.

நான் பொய் சொல்ல மாட்டேனுங்க. ஆமான்னேன்.

"ஒரு நாளைக்கு உங்களுக்கும் கேக்க வெக்கறேன்"னா. நான் எதோ பாட்டுக் கீட்டுப் போட்டுக் காட்டுவாளாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன். நல்லாத்தான் பாடுவா, அந்தக் காலத்துல.

அதுக்கப்பறம் அவ என்ற முன்னாடி சோறே திங்கல. எனக்குப் பரிமாறுவா, நான் எந்திரிச்சப்பறம் தட்ட எடுத்துக்கிட்டுப் பின்னாடி ஜமக்காளம் மாட்டுன எடத்துக்குள்ள போயி உக்காந்துக்குவா. நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். ஆளு எளச்சுக்கிட்டே வந்தா. பூபதி வந்து பாத்துட்டு, "ஏன் மாமா, அக்கா ஏன் இப்படி ஆயிட்டா?"ன்னு என்னையக் கேக்கறான். மூணு கிலோ கறியத் தின்னுபோட்டு வாயத் தொடைக்காத பய, அவன் என்னையக் கேக்கறான்!

போன வாரம் சாந்தாமணி ஊதியூருக்கு, அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா. சண்டையில்ல, சத்தமில்ல. ஞாயித்துக்கெழமை மத்தியானம் எனக்கு எலை போட்டு நல்லாத்தான் ஆக்கிப் போட்டா. கோழிச்சாறு, முருங்கக்காப் பொரியல். வளையலக்கூட மாட்டியிருந்தா அன்னிக்கு, செரி, புத்தி வந்துருச்சுன்னு நெனச்சேன். சாயங்காலம் பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. போனப்பறம் பாக்கறேன், பெட்டில மைக்கக் காணோம். பூபதிதான் எடுத்திருப்பான்னு அவனப் போட்டுக் கிழிச்சேன். அவன் சாமி மேல சத்தியம் பண்றான்.

உள்ளதச் சொல்றேனுங்க, உங்களுக்கென்ன, நீங்க எந்த ஊரோ. அவ போனப்பறம் ஊடு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? ஒரு சத்தமில்ல. நான் எத்தன ஜமக்காளம் கட்டியும் வராத அமைதி. அதுல உக்காந்து ஒரு வாய் சோறு எறங்கலீங்க. எதுத்தாப்ல அவ முருங்கக்காக் கடிச்சாப் போதும், நான் காதப் பொத்திக்கிட்டாவது உண்டிருப்பேன். அவ வரலீன்னா நான் அவ்வளவுதாங்க. இத யாருகிட்டயும் நான் சொன்னதில்ல. காங்கயத்துல எறங்கி இந்த வண்டி மாத்தறப்பக் கண்ணாடி வளையல் ரண்டு டஜன் வாங்கியிருக்கறேன், பாருங்க. பச்சை அவளுக்குப் புடிக்கும். குடுத்துக் கூட்டியாந்துரலாம்னுதான் கெளம்புனேன்.

ஆனா இப்ப மனசே கெட்டுப் போச்சு. ஏன்னா இன்னிக்குக் காத்தால அவகிட்டருந்து வாட்ஸ்அப்புல ஒண்ணு வந்துச்சு. பேச்சில்ல, எழுத்தில்ல. ஒரு சவுண்டு மட்டும். வளையல் வாங்குனப்பறம் பஸ்டாண்டுல உக்காந்துதான் காதுல மாட்டிக் கேட்டேன்.

கடலை இன்னும் இருக்குதுங்களா? குடுங்க. இத நெனச்சா எனக்கு வவுறு எரியுது, எதாச்சும் உள்ள போகோணும்.

ஒருத்தன் சோறு திங்கறானுங்க. மனுசனா அவன்? பூபதியெல்லாம் அவன் முன்னாடி பச்சக் கொழந்த. சோத்தப் பெசையறான், சேத்துல எருமை எறங்குனாப்ல இருக்குது. வாயத் தொறந்து வெச்சுக்கிட்டே மெல்றான். சாத்த உள்ளங்கையில ஊத்தி முழங்கை வரைக்கும் நக்குறான். முருங்கக்காயக் கடிச்சு உறிஞ்சறான் பாருங்க, நான் கேட்ட பயலுகள்லயே இவன் மாதிரி ஒருத்தன் கெடையாது. நடுநடுல சொத்தப் பல்ல உறிஞ்சறான், "த்ச்சு, த்ச்சு"ன்னு. ஆத்தாடி! பஸ்டாண்டுலயே எனக்குக் கொமட்டிருச்சு. பக்கத்துல இருந்த அம்மா சோடா வாங்கிக் குடுத்தாங்க.

மொதல்ல பூபதின்னுதான் நெனச்சேன். இல்லீங்க. யாரு மென்னாலும் கண்ண மூடிக்கிட்டு நான் பேரு சொல்லிருவேன். இது இதுவரைக்கும் நான் பதிவு பண்ணாத ஆளு. அதுல சந்தேகமே இல்ல.

செரி, எங்க உக்காந்து திங்கறான்னு கவனிச்சுக் கேட்டேன். ஃபேன் டிக்கு டிக்குங்குது. கொழாய் சொட்டுது. கடியாரம் நொண்டுது. என்ற ஊடுங்க! அதுலயும் அந்த ஃபேன் சத்தம் அவ்வளவு கிட்டத்துல கேக்கோணும்னா அது நான் உக்கார்ற எடம். சாந்தாமணி மைக்க எலைக்கு அடியில நடு நரம்புகிட்டத்தான் வெச்சிருக்கறா, நான் சொல்லிக் குடுத்தாப்லயே. பதிவு அவ்வளவு சுத்தம், அதக் கொற சொல்ல மாட்டேன்.

இருங்க, இன்னும் இருக்குது. வளையல் சத்தம் கேக்குது. கிலுகிலுன்னு கிட்ட வருது. அவதான். "இன்னுங் கொஞ்சம் சோறு வெக்கட்டுங்களா?"ங்கறா. எவ்வளவு மருவாதியாக் கேக்கறா பாருங்க! அந்தப் பன்னி ஒரு வார்த்தை பேசறானா? "ம்"ங்கறான். அவ்வளவுதான். ஆக்கிப் போட்டவளுக்கு அதுதான் பதிலு. அவ சித்த நேரம் அங்கயே நிக்கறா, வளையல் சத்தத்துல தெரியுது. எதாச்சும் சொல்லுவான்னு நிக்கறா போல. அவன் மென்னுக்கிட்டே இருக்கறான். அப்பறம் போயிடறா. அந்த எடத்துல எனக்கு அவன் மேல வந்த கோவத்துக்கு, கையில கெடச்சிருந்தா மூஞ்சியவே பேத்திருப்பேன்.

அவளத் தப்பா நெனைக்கலீங்க. தங்கமானவ. ஒறம்பரைன்னு சொந்தக்காரன் யாரோ நானில்லாதப்ப வந்து, பாவம் இவளும் போட்டிருப்பா. ஆனா என்ற எடத்துல உக்கார வெக்கலாமா? இன்னிக்கு அவங்கப்பன், ஆத்தா, அக்கம்பக்கம் எல்லாத்தையும் கூப்புட்டு உக்கார வெச்சு, நடுவூட்டுல சத்தமா இதப் போட்டுக் காட்டப் போறேன். யாரு இந்தப் பன்னி, சொல்லுன்னு கேக்கத்தாம் போறேன். வளையல அப்பறம் பாத்துக்கலாம்.

ஏனுங்க? வேண்டாங்கறீங்களா? ஏன் வேண்டாம்? இருங்க, தண்ணி குடிங்க, பொரையேறிருச்சு உங்களுக்கு. நீங்களே ஒருக்காக் கேளுங்க, அப்பறம் சொல்லுங்க. இந்தாங்க, காதுல நல்லா அழுத்தி மாட்டிக்குங்க. கேக்குதா? அருவருப்பா இல்ல? கடைசி வரைக்கும் கேளுங்க, கடைசிலதான் இருக்குது கூத்து. தின்னு முடிச்சுட்டு ஒரு ஏப்பம் உடறான் பாருங்க, கொடல் வெளிய வர்றாப்ல. உட்டுட்டு, "சென்னிமலை ஆண்டவா"ங்கறான். என்ற ஊட்டுல, என்ற எடத்துல உக்காந்து, என்ற பொண்டாட்டி ஆக்குனதத் தின்னுபோட்டு, என்ற சாமியவே கூப்புடறானுங்க!

கேட்டாச்சா? குடுங்க. ஊதியூர் வந்துருச்சு, கண்டக்டர் விசிலடிச்சுட்டாரு. கடலையும் தீந்து போச்சு. நல்ல கடலைங்க. ஏஏவ்... சென்னிமலை ஆண்டவா.

என்னுங்க? உங்களுக்கு அவன் யாருன்னு தெரிஞ்சாப்ல இருக்குதே. தெரிஞ்சாச் சட்டுனு சொல்லுங்க, நான் எறங்கோணும். அட, சொல்லுங்கன்னா, ஏனுங்க என்ற வாயவே பாத்துக்கிட்டிருக்கறீங்க?